கதவுக்குள் போகும் கை

அந்தப் பட்டறையில் இரண்டு கைகள் பேர் வாங்கியவை. ஒன்று முதலாளி அண்ணனுடையது. முறம் மாதிரி அகலம். அவர் தோளைத் தட்டிப் பாராட்டினால் பாராட்டு வாங்கியவர் இரண்டு நாள் தைலம் தேய்க்க வேண்டியிருக்கும் என்று பக்கத்து டயர் கடையில் கேலி பேசுவார்கள். இன்னொன்று அவருடைய தங்கச்சியின் கை. நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையின் கை. வளையல் வாங்கப் போனால், "குழந்தைய கூட்டிட்டு வரலையாம்மா?" என்று கடைக்காரர் கேட்பார். இவள் தன் கையை நீட்டிக் காட்டுவாள்.

அந்தச் சின்னக் கைதான் இருபது வருஷமாக அந்தப் பட்டறைக்கு வந்த கதவு வேலை அத்தனையையும் பார்த்தது. அதனால் ஊரே அவளைக் 'கதவக்கா' என்றது. புருஷன், டவுன் பஸ் டிரைவர், கோபம் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவார்.

அவள் அங்கே வந்தது போன் எடுத்துப் பேச. கார் கதவு ஒன்றைக் கழற்றிப் போட்டிருந்த ஒருநாள், நட்டு ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. அண்ணன் ஓட்டைக்குள் கையை விட்டார். நட்டும் வரவில்லை, கையும் வரவில்லை. சோப்புத் தண்ணீரை ஊற்றி அவர் கையை உருவி எடுப்பதற்குள் பட்டறையே கூடிவிட்டது. தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கையை விட்டு, ஒரே நொடியில் நட்டை எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குப் போனை வைத்தவள்தான்.

கார் கதவு வெளியில்தான் வழவழப்பு. உள்பக்கத்து அட்டையைக் கழற்றினால் வெறும் தகரம், அதில் ஒழுங்கில்லாத நாலைந்து ஓட்டைகள், ஓரமெல்லாம் பிளேடு. நாம் ரிமோட்டை அழுத்தியதும் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறதே, அந்த டக்குக்குச் சொந்தக்காரன் உள்ளே உட்கார்ந்திருக்கும் சோப்புப் பெட்டி அளவு மோட்டார். ஆக்சுவேட்டர் என்பார்கள். அது ஒரு மெல்லிய கம்பியை இழுக்கும், தள்ளும். கம்பியின் மறுமுனை பூட்டில் மாட்டியிருக்கும். மாட்டிய இடத்தில் கம்பி நழுவாமல் பிடித்துக்கொள்வது நகத்தளவு பிளாஸ்டிக் கிளிப்பு ஒன்று.

சனியன் பிடித்த கிளிப்பு அது. முழுதாக உட்கார்ந்தால் வண்டி உள்ளவரை அசையாது. அரைகுறையாக உட்கார்ந்தால் அன்றைக்கு நன்றாக வேலை செய்து நம்மை ஏமாற்றும். நூறு முறை பூட்டித் திறந்து காட்டினாலும் காட்டும். பிறகு ஏதோ ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது கழன்றுகொள்ளும். பூட்டியிருக்கும்போது கழன்றால் கதவு பூட்டியபடியே நின்றுவிடும். இதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை, ஏனென்றால் அந்த இடத்துக்குக் கண் போகாது. விரல்தான் போகும். கிளிப்பு முழுதாக உட்காரும்போது 'டிக்' என்று ஒரு சின்ன அதிர்வு விரல் நுனியில் ஏறும். கதவக்காவின் தொழில் மொத்தமும் அந்த ஒரு டிக்கில் இருந்தது.

கிளிப்பு போடும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். முகம் மோட்டுவளையைப் பார்த்திருக்கும், தோள்வரை கை கதவுக்குள் இருக்கும். அப்போது "ம்" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். கொடுத்தால் அண்ணன் இரும்பு தேய்க்கும் கிரைண்டரை நிறுத்திவிட வேண்டும், யாரும் சுத்தியல் தொடக்கூடாது, வாடிக்கையாளர் இருமக்கூடாது. அந்தச் சத்தத்தில் வரும் அதிர்வு விரலைக் குழப்பும் என்பது அவள் கட்சி. பட்டறையில் இது சட்டம். "என் தங்கச்சி கண்ண மூடினா நானும் மூடிக்கணும்" என்று அண்ணன் எல்லோரிடமும் அலுத்துக்கொள்வார், பெருமையாக.

இரண்டு மாதத்துக்கு முன்பு அவளுடைய வலது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் காலையில் மட்டும். உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறியும் சரியாகவில்லை. வீட்டில் இரண்டு கோப்பைகள் கை நழுவி உடைந்தன. "சோப்பு வழுக்கிடுச்சு" என்றாள். சட்டைப் பொத்தான் தைக்கக் கேட்ட புருஷனிடம், "எனக்கென்ன வேற வேலை இல்லையா?" என்று எரிந்து விழுந்தாள். பாவம், அவர் அன்றைக்குப் பொத்தானில்லாமலே பஸ் ஓட்டப் போனார்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் வேலையை விடு என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நிமிஷமே போன் மேஜைக்கு அனுப்பிவிடுவார் என்று தெரியும். கதவு இல்லையென்றால் கதவக்கா யார்? அதனால் விரல் விட்ட வேலையைக் காதிடம் கொடுத்தாள். டிக்கை உணர முடியாவிட்டால் என்ன, கேட்டுக்கொள்ளலாம். "ம்" சத்தம் அடிக்கடி எழுந்தது. முன்பு ஒரு கிளிப்புக்கு ஒரு "ம்", இப்போது மூன்று, நான்கு.

முந்தின நாள் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன நீ, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்துங்கற? காது டப்பா ஆயிடுச்சா?" என்று சத்தம் போட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கே அந்த வெள்ளை வேன் வந்து நின்றது.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களை ஏற்றிச் செல்லும் வேன் அது. நடு சீட்டெல்லாம் எடுத்துவிட்டு, பின்பக்கம் ஒரே பெரிய கதவு, அதைத் திறந்து சரிவுப் பலகையைப் போட்டு நாற்காலியைத் தள்ளி ஏற்ற வேண்டும். ஓட்டுகிறவருக்கு 'நாப்பது' என்று பட்டப்பெயர். வேகமுள் நாற்பதைத் தாண்டி எவரும் பார்த்ததில்லை. ஓட்டும்போது போனை எடுக்கவே மாட்டார். அணைத்து டாஷ்போர்டுக்குள் போட்டுவிடுவார். "சாகறதா இருந்தாலும் ஓரமா நிறுத்திட்டுத்தான் சாவேன்" என்பார்.

உள்ளே நாற்காலியில் ஒரு பெண். இருபத்தாறு வயது. ஆறு வருஷத்துக்கு முன் மாடிப்படியில் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. போன வாரம் நடந்த கதையை நாப்பதுதான் சொன்னார். பின்கதவு பூட்டிக்கொண்டு திறக்கவே இல்லையாம். அந்தக் கதவில் வெளியே சாவித் துவாரமும் கிடையாது, உள்ளே கைப்பிடியும் கிடையாது. கொளுத்துகிற வெயிலில் நாற்பது நிமிஷம் இந்தப் பெண் உள்ளே. முன்பக்கமாகத் தூக்கி வெளியே கொண்டுவரலாம் என்றால் நாற்காலியைத் தரையோடு பிணைத்திருந்த பட்டைகளை அவிழ்க்கவும் பின்கதவு வழியாகத்தான் வரவேண்டும். குத்தி, உலுக்கி, எப்படியோ திறந்தபோது அவளுக்கு நினைவே இல்லை.

"இன்னைக்கு பாப்பாவுக்குப் பரீட்ச. பத்து மணிக்கு ஹால் கேட்ட சாத்திடுவாங்க. அதுக்குள்ள மாட்டிக் குடுங்கக்கா" என்றார் நாப்பது.

"நான் பாப்பா இல்ல, எனக்கு இருபத்தாறு வயசு" என்றாள் அந்தப் பெண். பிறகு கதவக்காவைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "அக்கா, மறுபடியும் மாட்டிக்காதுல்ல? மாட்டிக்காதுன்னு மட்டும் சொல்லுங்க. போன வாரத்துல இருந்து வண்டியில ஏறினாலே எனக்கு மூச்சு முட்டுது."

"மாட்டாதும்மா. நான் போட்ட கதவு எதுவும் மாட்டினதில்ல" என்றாள் கதவக்கா. அதுவரை அது உண்மை.

பழைய ஆக்சுவேட்டர் செத்துக் கிடந்தது, கிளிப்பும் உடைந்திருந்தது. புது மோட்டாரை இரண்டு திருகில் பொருத்தினாள், வயரைச் சொருகினாள். கடைசியாகக் கம்பியைப் பூட்டில் மாட்டி, புதுக் கிளிப்பை ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒரு நசுங்கின பம்பரின் முன்னால் உட்கார்ந்து கிரைண்டரைப் போட்டார். "ம்" சொல்ல வாயைத் திறந்தாள். நேற்றைய சிரிப்பு ஞாபகம் வந்தது. காது டப்பா. வாயை மூடிக்கொண்டாள். வீம்புதான், வேறென்ன? கிரைண்டர் அலறிக்கொண்டிருக்க, கிளிப்பைத் திருப்பி அழுத்தினாள். விரல் ஒன்றும் சொல்லவில்லை. காதுக்குக் கிரைண்டரைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. இன்னும் ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள்.

பத்து முறை பூட்டித் திறந்து காட்டினாள். பத்து முறையும் டக், டக் என்று கதவு சொன்னபடி கேட்டது. அந்தப் பெண் பத்தையும் எண்ணினாள். எட்டரைக்கு வேன் கிளம்பியது.

அடுத்து ஒரு பச்சைக் கார். முன்கதவு ஆக்சுவேட்டர். கம்பியை மாட்டிக் கிளிப்பை ஏற்றும்போது கிரைண்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அழுத்தினாள், ஒன்றுமில்லை. உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக் கையை எடுக்கப் போனாள். அந்த நேரம் அண்ணன் தண்ணீர் குடிக்கக் கிரைண்டரை நிறுத்தினார். பட்டறை அமைதியானது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொருமுறை அழுத்தினாள்.

'டிக்.'

காதில் தெளிவாக விழுந்தது. இப்போதுதான் உட்காருகிறது! அப்படியானால் முதலில் அழுத்தியபோது உட்காரவில்லை. உட்காராததும் விரலுக்குத் தெரியவில்லை, உட்கார்ந்ததும் தெரியவில்லை.

அப்போ அந்த வேன்?

கையைக் கதவிலிருந்து உருவிக்கொண்டு போனுக்கு ஓடினாள். நாப்பதின் எண்ணைப் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். அந்தப் பெண்ணின் எண் யாரிடமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்தைந்து.

"அண்ணா, ஸ்கூட்டர் சாவி குடு."

"எங்க போற? பச்சக் காரு பாதில நிக்குது."

"சின்ன வேலண்ணா. வந்துடறேன்."

"என்ன வேல?"

பேசாமல் இருக்கலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அவள் ஒன்றும் தெய்வப்பிறவி இல்லை. அழுத்தினோமே, இரண்டு முறை அழுத்தினோமே, உட்கார்ந்துதான் இருக்கும். உட்கார்ந்திருந்தால் போய் நிற்பது வீண். போய் நின்றால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். கேட்டால் விரலைச் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாம் முடிந்தது. பிறகு அந்தப் பெண் பத்து வரைக்கும் எண்ணியது ஞாபகம் வந்தது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நாற்பதில் போகிற வண்டியைப் பிடிப்பது பெரிய காரியமில்லை என்றுதான் அவளும் நினைத்தாள். ஆனால் இருபத்தைந்து நிமிஷம் முன்னால் போய்விட்ட நாற்பது அது. போதாததற்கு ஆக்சிலேட்டரைத் திருகிய கை எவ்வளவு திருகுகிறது என்றே தெரியவில்லை. எஞ்சின் உறுமுவதைக் கேட்டுத்தான் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். ஒரு வளைவில் உறுமலை லாரி ஹாரன் அமுக்கிவிட, ஸ்கூட்டர் பாய்ந்து தண்ணீர் லாரியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தூரத்தில் போய் நின்றது. லாரிக்காரர் அவளுடைய பரம்பரையை விசாரித்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. வழியெல்லாம் சாலை தோண்டிக் கிடந்தது. ஒவ்வொரு பள்ளத்தையும் பார்க்கும்போது, இதிலும் வேன் இறங்கி ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். குழாய் பதித்து மண்ணைக் குவித்த இடத்தில் அவளுடைய ஸ்கூட்டரே தூக்கிப் போட்டது. இங்கேதான் கழன்றிருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றிவிட்டது.

புண்ணியமாகப் போகட்டும், ரயில்வே கேட் மூடியிருந்தது. நீண்ட வரிசை. கேட்டுக்கு ஆறேழு வண்டி பின்னால் வெள்ளைக் கூரை தெரிந்தது. ஸ்கூட்டரைச் சாலையோரம் சாய்த்துவிட்டு ஓடிப்போய் டிரைவர் கண்ணாடியைத் தட்டினாள். ஒன்பதே கால்.

நாப்பது கண்ணாடியை இறக்கினார். "கதவக்கா! நீங்க எங்க இங்க?"

"பின்கதவ ஒரு தடவ பாத்துக்கறேன். எஞ்சின நிறுத்துங்க."

"காலைலதான் பத்து தடவ காட்டினீங்களே?"

"பதினோராவது தடவ பாக்கணும்."

பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "என்னக்கா? மாட்டிக்கிச்சா?" முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. காலையில் கொடுத்த வாக்கே போதும் என்று தோன்றியது. "தெரியலம்மா. பாக்கத்தான் வந்தேன்" என்றாள்.

வேனின் பின்னால் போய் நின்றாள். கதவு பூட்டியிருந்தது, வண்டி ஓடத் தொடங்கியதும் தானே பூட்டிக்கொள்ளும் வகை. திறக்கச் சொன்னால் மோட்டார் கம்பியை இழுக்கும். கிளிப்பு அரைகுறையாகப் பிடித்திருந்தால் அந்த இழுப்பிலேயே கம்பி நழுவும். நழுவினால் கதவு பூட்டியது பூட்டியதுதான். உள்ளே இருக்கிறவளுக்குப் பரீட்சை போவது ஒருபக்கம், இன்னொரு முறை அந்த மூச்சுமுட்டலைத் தாங்குவாளா?

"நான் சொன்னதும் அமுத்துங்க. ஒரே ஒரு தடவ" என்றாள். கைப்பிடியில் கையை வைத்தாள். கேட்டுக்கு அப்பால் ரயில் வரும் மணி அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் என்ன வேடிக்கை என்று எட்டிப்பார்த்தார்.

"அமுத்துங்க."

டக். இழுத்தாள். கதவு திறந்தது.

உள்ளே அந்தப் பெண் மூச்சை விட்ட சத்தம் வெளியே கேட்டது. "அவ்ளோதானேக்கா? சரியா இருக்குல்ல?"

"இல்லம்மா, ஒரு தடவ திறந்தா சரியா இருக்குன்னு அர்த்தமில்ல. உள்ள பாக்கணும்."

கதவட்டையை நெம்பிக் கழற்றினாள். வழக்கம்போல வலது கையை ஓட்டைக்குள் விட்டாள். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போனது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் விரல்களை வைத்தாள். கண்ணை மூடினாள். ஒன்றுமே இல்லை. கம்பியைத் தொடுகிறாளா, தகரத்தைத் தொடுகிறாளா, வெறும் காற்றைத் தொடுகிறாளா என்றே தெரியவில்லை. கை மட்டும் உள்ளே இருந்தது. இங்குமங்கும் துழாவினாள். ரயில் வந்து, தடதடவென்று அவர்களைக் கடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட் திறந்துவிடும்.

வலது கையை உருவிவிட்டு இடது கையை விட்டாள். இடது கைக்கு அந்த வேலை புதுசு; முழங்கை எங்கே மடங்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் முட்டியது. ஆனால் அந்த விரல்களில் உயிர் இருந்தது. மோட்டார் தட்டுப்பட்டது. கம்பி தட்டுப்பட்டது. கம்பியோடு ஊர்ந்து போனாள். கிளிப்பு.

முழுதாக உட்கார்ந்திருந்தது. நகத்தை விட்டு நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. கம்பியைப் பிடித்து ஆட்டினாள். கல்லில் பதித்த மாதிரி இருந்தது. இதைவிட நன்றாக எவரும் ஒரு கிளிப்பைப் போட முடியாது.

நெற்றியைக் கதவுத் தகரத்தில் சாய்த்துக்கொண்டு, "சரியாத்தான் இருக்கு" என்றாள்.

நாப்பது இறங்கி வந்திருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதச் சொல்லவா அவ்ளோ தூரத்துல இருந்து பறந்து வந்தீங்க? உங்க வேலமேல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா எப்படிக்கா?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் கதவைப் பார்க்கவில்லை, வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, உங்க கையில ரத்தம்."

கதவக்கா இடது கையைப் பார்த்தாள். கிரீஸ்தான் இருந்தது.

"அந்தக் கை."

வலது நடுவிரலில் நகத்துக்குக் கீழிருந்து இரண்டாவது கணு வரை தகரம் கிழித்திருந்தது. ஆழமான கிழிசல். ரத்தம் மணிக்கட்டு வழியாக ஓடி, வேனின் தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கே அது வேறு யாருடைய கையோ போலிருந்தது.

"வலிக்கலையா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

கதவக்கா அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எத்தன நாளா?"

மற்றவர்கள் கேட்டிருந்தால் "என்ன எத்தன நாளா?" என்று எரிந்து விழுந்திருப்பாள். இந்தப் பெண் கேட்ட விதம் அப்படி இல்லை. "ரெண்டு மாசம்" என்றாள். அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் முறை.

"எனக்குக் கால்ல கண்ணாடி குத்தி மூணு நாள் தெரியல. சீழ் வெச்சு நாத்தம் வந்தப்புறம் அம்மாதான் பாத்தாங்க." அவள் மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "டாக்டர பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பாத்தா சொல்லிடுவாங்கல்ல."

"நான் விழுந்தப்ப அதுக்குப் பயந்துதான் எங்க வீட்டுலயும் ஒரு மாசம் பெரிய டாக்டர பாக்காம இருந்தாங்க" என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் சொன்னாள். கைக்குட்டையை அவளே சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள். இறுக்கியது கதவக்காவுக்குத் தெரியவில்லை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

கேட் தூக்கப்பட்டது. பின்னால் ஹாரன்கள் ஒன்றுகூடி அலற ஆரம்பித்தன. கார்க்காரர் தலையை வெளியே நீட்டி, "கல்யாணப் பேச்ச ஓரமா வெச்சுக்கக் கூடாதா?" என்றார். நாப்பது ஓடிப்போய் ஏறிக்கொண்டார். கதவக்கா இடது கையாலேயே அட்டையைப் பொருத்தித் தட்டினாள்.

"சாத்துங்கக்கா. எனக்கு இப்பப் பயமில்ல" என்றாள் உள்ளே இருந்தவள்.

சாத்தினாள். வேன் தண்டவாளத்தின் மேல் குலுங்கி ஏறி, குலுங்கி இறங்கி, நாற்பதில் போனது.

அவள் சாலையோரத்தில் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் நின்றாள். கதவு சரியாக இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும். கொஞ்சம் பட்டும் பார்த்தாள். அது நிலைக்கவில்லை. சரியாகப் போட்டிருக்கிறோம், போட்டது தெரியவில்லை. இனி ஒவ்வொரு கதவுக்கும் பின்னால் இப்படி ஓட வேண்டுமா? எத்தனை கேட் மூடியிருக்கும்? போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"எங்கடி போய்த் தொலஞ்ச?" கிரைண்டர் சத்தத்துக்கு மேலே அவர் கத்தினார்.

"அண்ணா, வேன் கிளிப்ப பாக்க வந்தேன். சரியா உக்காந்திருக்கு."

"அதான் காலைலயே போட்டியே. அதுக்கா ஓடின?"

"காலைல எனக்குத் தெரியல. நீ கிரைண்டர் ஓட்டினியா, சத்தம் கேக்கல."

"சத்தம் எதுக்கு? உன் விரலுக்குத் தெரியாததா?"

"விரலுக்குத்தான் தெரியலண்ணா. ரெண்டு மாசமா மூணு விரல்ல உசுரே இல்ல. உங்கிட்ட சொல்லல."

அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. இந்த முறை யாரும் "ம்" சொல்லாமலே நின்றது.

"பச்சக் கார அனுப்பிடாத. அதுல கிளிப்பு உக்காந்துடுச்சு, இருந்தாலும் வேற யாராவது ஒரு தடவ பாக்கணும். போன ரெண்டு மாசத்துல நான் போட்ட வண்டிங்க எல்லாத்தையும் கூப்பிடணும். இருபத்தெட்டு கதவு. எனக்கு ஒண்ணொண்ணும் ஞாபகம் இருக்கு, சொல்றேன், எழுதிக்க." அவளுக்குக் குரல் உடைந்தது. "இனிமே கதவு வேலய நீதான் பாக்கணும்."

"என் கை எங்கடி அதுக்குள்ள போகும்?"

"போகலன்னா..."

"போகலன்னா ஓட்டைய பெருசா வெட்டிக்கறேன். நீ பேசாம அங்கயே நில்லு. வண்டியத் தொடாத. நான் வர்றேன்."

அவர் வருவதற்குள் போன் ஒருமுறை அடித்தது. நாப்பது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசுவதாக முதலில் சொன்னார். "ஒம்பது நாப்பத்தஞ்சுக்கு வந்துட்டோம். கதவு வெண்ணெய் மாதிரி திறந்துச்சு. பாப்பா உள்ள போயிடுச்சு. உங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சு."

"என்னன்னு?"

"இன்னிக்கே போகச் சொல்லிச்சு. எங்கன்னு கேட்டா உங்களுக்குத் தெரியும்னுச்சு."

அண்ணன் டயர் கடைக்காரரின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். கையெல்லாம் இரும்புத் தூள், வேலைக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியது ஏற்றியபடி இருந்தது. திட்டுவார் என்று நினைத்தாள். அவர் அவள் வலது கையை எடுத்துத் தன் முறக் கைக்குள் வைத்துக்கொண்டார். கைக்குட்டையில் ஊறியிருந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் நுனியை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார்.

"இங்க?"

"தெரியல."

ஆள்காட்டி விரல். "இங்க?"

"இல்லண்ணா."

நடுவிரலில் காயம் இருந்ததால் தொடாமல் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். மோதிர விரலைப் பிடித்தார். நட்டைத் திருகுகிற அதே பலத்தோடு அழுத்தினார்.

"ஐயோ, வலிக்குது, விடுண்ணா!"

அவர் விடவில்லை. அந்த விரலைப் பிடித்தபடியே, அத்தனை வண்டி போகிற சாலையோரத்தில், இத்தனை பெரிய ஆள், விம்மி விம்மி அழ ஆரம்பித்தார்.